காத்திருக்கும் கோப்பு... கைக்கெட்டாத வீடு!

கட்டட அனுமதிக்காகக் கழியும் ஒவ்வொரு மாதத்துக்கும் யாரோ ஒருவர் வட்டி கட்டுகிறார். கடைசியில் அந்தக் கணக்கு வந்து சேருவது வீடு தேடி அலைபவரிடம்தான். சென்னையின் வீட்டு நெருக்கடியில் அதிகம் பேசப்படாத பக்கம் இது.

2016 செப்டம்பர் 9. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. விளைநிலங்கள் வரைமுறையில்லாமல் மனைகளாக மாறுவதை எதிர்த்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் வந்த உத்தரவு அது. அடுத்த சில மாதங்களுக்குத் தமிழ்நாட்டின் சார்பதிவாளர் அலுவலகங்கள் களையிழந்து கிடந்தன. மகள் கல்யாணத்துக்காக மனையை விற்க இருந்தவர், முன்பணம் கொடுத்துவிட்டுப் பதிவுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தவர், கமிஷனை நம்பிக் குடும்பம் நடத்திய புரோக்கர் என எல்லோரும் ஒரே நாளில் மாட்டிக்கொண்டார்கள். 2017 மே மாதம் அரசு வரன்முறைத் திட்டத்தைக் கொண்டுவந்த பிறகுதான் முடிச்சு மெல்ல அவிழ ஆரம்பித்தது.

அந்த மாதங்களில் ஓர் உண்மை பட்டவர்த்தனமாக வெளியே வந்தது. லட்சக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு, அனுமதி என்ற ஏற்பாட்டுக்கு வெளியே முடங்கிக் கிடந்தது. ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்று நோட்டீஸ் அடித்து விற்ற மனைகள் அவை. ஆனால், நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி.யோ, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வோ ஒப்புதல் தராமல் மனைப்பிரிவுக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் ஊராட்சிக்குக் கிடையாது. இது வாங்கியவர்களில் பலருக்கும் தெரியும். தெரிந்தே வாங்கினார்கள். ஏனென்றால், முறையாக அனுமதி பெற்ற மனையின் விலை அவர்களுக்கு எட்டவில்லை.

ஏன் எட்டவில்லை? நிலத்தின் விலை, வட்டி, சிமென்ட், கம்பி, மணல், பத்திரச் செலவு எனப் பட்டியல் நீளும். தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்தே 9 சதவிகிதம். கட்டி முடிக்காத ஃபிளாட் என்றால் ஜி.எஸ்.டி. வேறு. இவையெல்லாம் ரசீதில் தெரியும் செலவுகள். ரசீதில் வராத செலவு ஒன்று உண்டு. அதன் பெயர் காத்திருப்பு.

ஒரு கோப்பின் பாதை

சென்னையில் ஒருவர் நான்கு கிரவுண்ட் இடத்தில் இருபது ஃபிளாட் கட்ட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை காகிதங்கள்: பத்திரம், தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம். பத்திரத்தில் உள்ள அளவும் பட்டாவில் உள்ள அளவும் பொருந்தாமல் போவது இங்கே சர்வ சாதாரணம். தாத்தா பெயரில் பட்டா, பேரன் பெயரில் பத்திரம், உட்பிரிவு செய்யாத சர்வே எண் என்று ஏதோ ஒன்று இடிக்கும். அதைச் சரிசெய்யத் தாலுகா அலுவலகத்துக்கும் சர்வேயருக்கும் அலைய வேண்டும். இத்தனைக்கும் இன்னும் யாரும் ‘பிளான்’ போடவே ஆரம்பிக்கவில்லை.

எட்டு வீடுகள், பத்தாயிரம் சதுர அடி வரை என்றால் உள்ளாட்சி அமைப்பே அனுமதி தந்துவிடும். இருபது வீடு என்றால் சி.எம்.டி.ஏ.வுக்குத்தான் போக வேண்டும். கட்டடத்தின் உயரத்தையும் இடத்தையும் பொறுத்துத் தடையின்மைச் சான்றுகள் சேரும்: விமானப் பாதை என்றால் விமான நிலைய ஆணையம், தாம்பரம் பக்கம் என்றால் விமானப்படை, உயரமான கட்டடம் என்றால் தீயணைப்புத் துறையும் போக்குவரத்துக் காவல் துறையும், தாழ்வான பகுதி என்றால் நீர்வளத் துறை. கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும். உயரமான கட்டடங்களின் கோப்பு சி.எம்.டி.ஏ.வோடு நிற்காமல் தலைமைச் செயலகம் வரை போய் வருவது நெடுங்கால வழக்கம்.

இடையில் ஒவ்வொரு மேசையும் ஒரு ‘குவெரி’ போடலாம். பதில் கொடுத்தால், அடுத்த மேசையில் இன்னொரு குவெரி. எல்லாம் முடிந்தால் கட்டணம் கட்டச் சொல்லி டிமாண்ட் லெட்டர் வரும். சாலை அகலப்படுத்தவோ பூங்காவுக்கோ விட வேண்டிய இடத்தைத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு திட்ட அனுமதி, அப்புறம் மாநகராட்சியிலோ நகராட்சியிலோ கட்டட அனுமதி, அதற்கும் அப்புறம் மனை வணிக ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவு. கட்டி முடித்தபின் நிறைவுச் சான்றிதழ். அது இல்லாமல் இந்த அளவுக் கட்டடத்துக்கு நிரந்தர மின் இணைப்போ குடிநீர் இணைப்போ கிடைக்காது.

தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எதுவுமே தேவையற்றது என்று சொல்லிவிட முடியாது. விமானம் இறங்கும் பாதையில் இருபது மாடி கூடாது. தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்தில் உயரமான கட்டடம் கூடாது. சிக்கல் இவை அடுக்கப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. எது எத்தனை நாளில் முடியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கெடு தாண்டினால் விண்ணப்பித்தவருக்குத்தான் நஷ்டம். தாமதப்படுத்திய மேசைக்கு எந்த நஷ்டமும் கிடையாது.

வட்டிக் கணக்கு

அதே நான்கு கிரவுண்ட் இடத்தை ஓர் உதாரணக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். 9,600 சதுர அடி. நிலத்தின் விலை 10 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிலம் வாங்குவதற்கு வங்கிகள் கட்டுநருக்குக் கடன் தருவதை ரிசர்வ் வங்கியின் விதிகள் அனுமதிப்பதில்லை. ஆகவே சொந்தப் பணமோ, தனியார் நிதியோ, வட்டி அதிகமான கடனோதான் கை கொடுக்கும். ஆண்டுக்கு 15 சதவிகிதம் என்றால் மாதம் 12.5 லட்சம் ரூபாய். அந்த மாதத்தில் ஒரு செங்கல்கூட வைக்கப்படவில்லை.

தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 2 என்றால் 19,200 சதுர அடி கட்டலாம். இருபது ஃபிளாட். அனுமதி ஓராண்டு தாமதமானால் வட்டி மட்டும் ஒன்றரைக் கோடி. ஒரு ஃபிளாட்டுக்கு ஏழரை லட்சம். சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 780 ரூபாய். வாங்குபவர் இந்த ஏழரை லட்சத்தையும் வீட்டுக் கடனில் சேர்த்து, 8.5 சதவிகித வட்டியில் இருபது ஆண்டுகள் கட்டினால் மாதத் தவணையில் சுமார் 6,500 ரூபாய் கூடும். மொத்தமாக அவர் கையிலிருந்து போவது பதினைந்தரை லட்சத்துக்கும் மேல். அவருக்கு ஒரு ஜன்னல்கூட இதனால் கூடுதலாகக் கிடைக்கப் போவதில்லை.

‘பில்டர் செலவை அப்படியே வாங்குபவர் தலையில் கட்டிவிடுவார்’ என்று பொதுவாகச் சொல்வார்கள். நடப்பது அதைவிடச் சுற்றுவழி. பக்கத்துத் தெருவில் ஏற்கெனவே அனுமதி வாங்கியவர் என்ன விலைக்கு விற்கிறாரோ, அதைத் தாண்டி இவரால் விற்க முடியாது. எனவே இரண்டு வருஷம் இழுக்கும் என்று தெரிந்தால் அவர் அந்த இடத்தை வாங்கவே மாட்டார். கட்டியிருக்க வேண்டிய இருபது வீடுகள் கட்டப்படுவதில்லை. இப்படி நூறு இடங்களில் நடந்தால் சந்தையில் இரண்டாயிரம் வீடுகள் குறையும். தேடுபவர்கள் குறையாதபோது விலை ஏறும். தாமதத்தின் பெரிய செலவு, கட்டிய வீட்டின் விலையில் தெரிவதைவிட, கட்டாமல் போன வீடுகளில்தான் ஒளிந்திருக்கிறது. கட்டாமல் போன வீட்டை யாரும் எண்ணுவதில்லை. அதனால் யாரும் அதற்காகப் போராடுவதும் இல்லை.

வாடகைக்கு இருப்பவர்களை இது விட்டுவைக்காது. வேளச்சேரியில் புது ஃபிளாட் கிடைக்காத ஐ.டி. ஊழியர், அதே வேளச்சேரியில் இருபது வருஷப் பழைய ஃபிளாட்டுக்கு அதிக வாடகை கொடுத்து வருவார். அங்கே இருந்த குடும்பம் மேடவாக்கத்துக்கு நகரும். மேடவாக்கத்தில் இருந்தவர் கூடுவாஞ்சேரிக்குப் போய், தினமும் காலை ரயிலில் தொங்கிக்கொண்டு திரும்பி வருவார். மேலே ஒரு படி அடைபட்டால், நெருக்கடி கீழ்ப்படியில் நிற்பவரைத்தான் வெளியே தள்ளும்.

அடிபடுவது யார்?

ஐந்நூறு வீடுகள் கட்டும் பெரிய நிறுவனத்துக்கும் பன்னிரண்டு வீடுகள் கட்டும் உள்ளூர்க் கட்டுநருக்கும் கோப்பு எடுத்துக்கொள்ளும் காலம் அந்த விகிதத்தில் மாறுவதில்லை. பெரிய நிறுவனம் அனுமதிக்கென்றே தனி ஆட்களை வைத்துக்கொள்ளும். ஒரு திட்டம் நின்றால் இன்னொன்று ஓடும். சிறியவருக்கு இருப்பது ஒரே திட்டம். பெரும்பாலும் மனைவியின் நகையும் மைத்துனரின் பணமும் அதில் கலந்திருக்கும். அவரால் இரண்டு வருஷம் தாங்க முடியாது. மாம்பலத்திலும் ஆதம்பாக்கத்திலும் பெரம்பூரிலும் பழைய வீட்டை இடித்து எட்டு, பன்னிரண்டு ஃபிளாட் கட்டிக் கொடுத்து, நடுத்தர வர்க்கத்தைக் குடியேற்றியவர்கள் இந்தச் சிறியவர்கள்தாம்.

மலிவு விலை வீட்டுக்கும் இதே கதி. அதில் லாப விகிதம் குறைவு. ஒரு வருஷ வட்டி லாபம் முழுவதையும் விழுங்கிவிடும். ஆடம்பர வீட்டில் அதே வட்டியை விலைக்குள் மறைத்துவிடலாம். ஆகவே காத்திருப்பு நீள நீள, கட்டுபவர்கள் விலை உயர்ந்த வீடுகளின் பக்கமே சாய்வார்கள். இந்திய நகரங்களில் 1.87 கோடி வீடுகள் பற்றாக்குறை என்றும், அதில் 95 சதவிகிதத்துக்கு மேல் ஏழைகளுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் உரியவை என்றும் 2012-ல் மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு கணக்கிட்டது. தேவை ஒரு பக்கம் குவிந்து கிடக்க, அனுமதி முறையோ கட்டுமானத்தை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது.

இன்னொரு செலவையும் சொல்ல வேண்டும். எங்கே கெடு இல்லையோ, எங்கே ஒரு அதிகாரியின் விருப்பம் ஒரு மாத வட்டியைத் தீர்மானிக்கிறதோ, அங்கே கோப்பை நகர்த்த ஒரு விலை தானாக உருவாகும். தமிழரான கே. சந்தானம் தலைமையிலான ஊழல் தடுப்புக் குழு 1964-ல் தந்த அறிக்கையிலேயே ‘ஸ்பீட் மணி’ பற்றிய எச்சரிக்கை இருக்கிறது. தவறான காரியத்தைச் செய்ய அல்ல, சரியான காரியத்தைச் சீக்கிரம் செய்யக் கொடுக்கும் பணம் என்பதுதான் அதன் இலக்கணம். தாமதம் இருக்கும் வரை அந்தப் பணத்துக்கு வேலை இருக்கும். அந்தப் பணம் புழங்கும் வரை தாமதத்தைக் குறைக்க யாருக்கும் அவசரம் இருக்காது.

வேலி தாண்டிய வீடுகள்

அனுமதி கிடைப்பது கடினம் என்றால் மக்கள் வீடு கட்டாமல் இருந்துவிடுவார்களா? இருக்க மாட்டார்கள். அனுமதி இல்லாமல் கட்டுவார்கள்; அல்லது இரண்டு மாடிக்கு வாங்கிவிட்டு நான்கு மாடி எழுப்புவார்கள். பிறகு அரசு மன்னிப்பு வழங்கும்.

அந்த மன்னிப்புக்கே ஒரு வரலாறு உண்டு. நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, 1999 பிப்ரவரி 28-க்கு முன் விதிமீறிக் கட்டப்பட்ட கட்டடங்களை அபராதம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த வழி செய்தார்கள். ‘ஒரு முறை மட்டும்’ என்றுதான் சொன்னார்கள். பிறகு கெடு 2000, 2001, 2002 என்று ஆண்டுதோறும் நீண்டது. அந்த நீட்டிப்புகள் செல்லாது என்று உயர் நீதிமன்றம் 2006-ல் தீர்ப்பளித்தது. அப்புறம் 113-சி வந்தது; 2007 ஜூலை 1-க்கு முந்தைய கட்டடங்களுக்கு இன்னொரு வாய்ப்பு. மனைகளுக்கு 2017-ல் தனி வரன்முறை.

முறைப்படி வரிசையில் நின்றவர் வட்டி கட்டினார். வரிசையைத் தாண்டிக் குதித்தவர் பிற்பாடு அபராதம் கட்டினார். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்த பலர் குதிப்பதே லாபம் என்று முடிவெடுத்ததில் வியப்பென்ன இருக்கிறது? அந்தக் குடியிருப்புகளில் சாலை குறுகல், வடிகால் இல்லை, பூங்காவுக்கு இடமில்லை. அவற்றையெல்லாம் பின்னாளில் செய்து கொடுக்க வேண்டிய செலவு மாநகராட்சியின் தலையில், அதாவது வரி கட்டும் எல்லோர் தலையிலும் விழுகிறது.

தாமதம் நம்மைக் காக்கிறதா?

‘அவசரப்பட்டு அனுமதி கொடுத்தால் ஏரியெல்லாம் காணாமல் போய்விடும், கட்டடம் இடிந்து விழும்’ என்று ஒரு வாதம் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்கள் இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஒதுக்கவும் கூடாது. ஆனால் நம் அனுபவம் சொல்வது என்ன?

2014 ஜூன் 28-ல் மவுலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 61 பேர் இறந்தார்கள். அது திருட்டுத்தனமாகக் கட்டிய கட்டடம் அல்ல, சி.எம்.டி.ஏ. அனுமதி பெற்றது. திட்ட அனுமதி என்பது பெரும்பாலும் உயரம், பரப்பு, சுற்றிலும் விட்ட இடம், கார் நிறுத்துமிடம் ஆகியவற்றை அளக்கும் வேலை. மண் எவ்வளவு தாங்கும், தூணில் கம்பி போதுமா என்பதற்குப் பொறியாளரின் கையெழுத்துதான் நம்பிக்கை. மாதக்கணக்கில் பல மேசைகள் ஏறி இறங்கிய கோப்பு, உயிரைக் காக்கும் அந்த ஒரே கேள்வியைப் போதுமான அளவு கேட்கவில்லை.

நீர்நிலைகளின் கதை இன்னும் பழையது. இன்றைய தியாகராய நகர் 1920-களில் உருவானது மாம்பலம் ஏரியின் படுகையில். வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். அரசின் வீட்டுவசதி வாரியமே ‘ஏரித் திட்டம்’ என்று பெயர் வைத்து முகப்பேரில் மனை போட்டது. இங்கெல்லாம் அனுமதி சுணங்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அரசு வேண்டாம் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இதற்கு அண்மைச் சான்று. அதில் சுமார் 1,248 ஹெக்டேர் 2022-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதைச் சுற்றி எந்தத் தொலைவு வரை கட்டுமானம் கூடாது என்ற எல்லையை அரசு வரைந்து அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்கவில்லை. 2025-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், எல்லை முடிவாகும் வரை சதுப்பு நிலத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய அனுமதி கூடாது என்றது. தீர்ப்பாயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விளைவு? சதுப்பை அழிக்கக்கூடிய திட்டமும், சாலைக்கு அந்தப் பக்கம் ஐம்பது வருஷமாக வீடுகள் இருக்கும் தெருவில் ஒரு மாடி கூட்ட நினைத்தவரும் ஒரே வலையில் விழுந்தார்கள். வரைபடம் வரைய வேண்டியவர்கள் வரையாமல் விட்டதற்கு, வீடு கட்ட வந்தவர்கள் விலை கொடுத்தார்கள்.

தாமதத்தையும் கண்டிப்பையும் நாம் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். கண்டிப்பு என்பது எங்கே கூடாது என்பதை முன்கூட்டியே சொல்வது. தாமதமோ யாருக்கும் எதையும் சொல்லாமல் இழுத்தடிப்பது. செல்வாக்கு உள்ளவர் இழுத்தடிப்பைக் கடந்து சதுப்புக்குள்ளும் நுழைந்துவிடுவார். செல்வாக்கு இல்லாதவர் சாதாரணத் தெருவில்கூடக் கட்ட முடியாமல் நிற்பார்.

மற்ற ஊர்களில்...

தெலங்கானா 2020-ல் தனிச் சட்டமே கொண்டுவந்து டி.எஸ்.-பிபாஸ் என்ற கட்டட அனுமதி முறையைத் தொடங்கியது. 75 சதுர கஜம் வரையான சிறு மனையில் வீடு கட்ட அனுமதியே தேவையில்லை; ஒரு ரூபாய் கட்டிப் பதிவு செய்தால் போதும். 500 சதுர மீட்டர் வரை, பத்து மீட்டர் உயரத்துக்குள் என்றால் சுயசான்றின்பேரில் உடனடி அனுமதி. அதற்கு மேல் ஒற்றைச் சாளரத்தில் 21 நாள் கெடு. கெடு தாண்டினால் அனுமதி கிடைத்ததாகவே பொருள். தளப்பரப்புக் குறியீட்டுக் கட்டுப்பாட்டையே ஹைதராபாத் 2006-ல் எடுத்துவிட்டது. கட்டுமானம் சூடு பிடித்தது.

ஆனால் அதே ஹைதராபாத்தில் 2024-ல் ‘ஹைட்ரா’ என்ற அமைப்பை உருவாக்கி, ஏரிக்குள் கட்டியவை என்று பல கட்டடங்களை இடிக்க வேண்டி வந்தது. வேகம் கூட்டியவர்கள் ஏரிகளின் எல்லையை முதலில் தெளிவாக வரையவில்லை. வேகமும் வரைபடமும் சேர்ந்தே வர வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டாம்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து, 2016-ல் குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கில் கூடுதல் வீடுகள் கட்டலாம் என்று விதியை மாற்றியது. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனியாக மன்றாட வேண்டியதில்லை. விதிக்குள் இருந்தால் உரிமை. அந்த நாட்டுச் சட்டப்படி கட்டட ஒப்புதலுக்கு 20 வேலை நாள்தான் கெடு. அடுத்த ஐந்தாண்டுகளில் வீடுகளுக்கான ஒப்புதல்கள் ஏறக்குறைய இரட்டிப்பாயின.

எதிர் உதாரணம் சான் பிரான்சிஸ்கோ. பணத்துக்கோ படித்த அதிகாரிகளுக்கோ பஞ்சமில்லாத நகரம். அங்கே ஒரு குடியிருப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைக்கச் சராசரியாக 523 நாட்களும், பிறகு கட்டட அனுமதிக்கு 605 நாட்களும் ஆவதாக கலிஃபோர்னியா மாநில வீட்டுவசதித் துறை 2023-ல் கண்டறிந்தது; மாநிலத்திலேயே அதிகமான காத்திருப்பு அது. விதிக்கு உட்பட்ட திட்டத்தையும் அண்டை வீட்டார் மனுப்போட்டு நிறுத்தலாம் என்ற ஏற்பாடு அங்கே பல ஆண்டுகளாக இருந்தது. ஆசிரியர்களும் செவிலியர்களும் அந்த நகரில் வீடு பார்க்க முடியாமல் தவிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சோம்பேறி அதிகாரிகள் இல்லாத ஊரிலும் தாமதம் வரும். எல்லோருக்கும் நிறுத்தும் உரிமை இருந்து, முடித்துவைக்கும் பொறுப்பு யாருக்கும் இல்லாவிட்டால் போதும்.

தமிழ்நாடு எங்கே நிற்கிறது?

இங்கே எதுவும் நடக்கவில்லை என்று சொன்னால் அநியாயம். 2019-ல் மாநிலம் முழுமைக்குமான ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. ஊருக்கொரு விதி என்ற குழப்பம் குறைந்தது; சாதாரணக் கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 1.5-லிருந்து 2 ஆனது. விண்ணப்பங்கள் இணையத்துக்கு மாறின. 2024 ஜூலையில் சுயசான்று முறை தொடங்கியது: 2,500 சதுர அடி வரையான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்டுபவர் இணையத்தில் கட்டணம் கட்டினால் உடனே அனுமதி. அதே ஆண்டு, எட்டு வீடுகள் வரையான சிறு குடியிருப்புகளுக்கு நிறைவுச் சான்றிதழிலிருந்து விலக்கும் வந்தது. சொந்த வீடு கட்டுபவருக்கு இவை மெய்யான நிம்மதி.

மிச்சமிருப்பது நடுவில் உள்ள இடைவெளி. தனி வீட்டுக்கு உடனடி அனுமதி. பெரிய நிறுவனத்துக்கு ஆள் பலம். பத்து முதல் நாற்பது வீடுகள் கட்டுபவர்தான் இரண்டும் இல்லாமல் நிற்கிறார். நகரத்துக்குள் நடுத்தர வர்க்கத்துக்கு வீடு தரக்கூடியவரும் அவர்தான்.

இரண்டாவது சிக்கல் ஆள் பற்றாக்குறை. சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022-ல் விரித்தார்கள். பரப்பு ஐந்து மடங்கு. அந்த அளவுக்கு நகரமைப்பாளர்கள் கூடவில்லை. நாடு முழுக்கவே மாநில நகரமைப்புத் துறைகளில் அனுமதிக்கப்பட்ட 3,945 பணியிடங்களில் 42 சதவிகிதம் காலி என்று நிதி ஆயோக் 2021-ல் சொன்னது.

மூன்றாவது, பழைய வரைபடம். சென்னை இன்றும் 2008-ல் ஒப்புதல் பெற்ற இரண்டாவது பெருந்திட்டத்தின்படியே ஓடுகிறது. அதில் விவசாய நிலம் என்று குறித்த இடத்தில் இன்று பேருந்து நிறுத்தமும் பள்ளிக்கூடமும் இருக்கலாம். ஆனால் அங்கே வீடு கட்ட வேண்டுமானால் நில உபயோக மாற்றம் கேட்டு விண்ணப்பித்து, நாளிதழில் அறிவிப்புக் கொடுத்து, ஆட்சேபங்களைக் கேட்டு, குழுமத்தின் கூட்டத்துக்கும் அரசாணைக்கும் காத்திருக்க வேண்டும். வரைபடத்தைக் காலத்துக்கேற்பப் புதுப்பித்திருந்தால் இந்தக் கோப்புகளில் பாதி பிறந்தே இருக்காது.

எச்சரிக்கை ஒன்று. தரவரிசையில் முன்னேறியதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. உலக வங்கியின் ‘எளிதாகத் தொழில் செய்தல்’ பட்டியலில், கட்டட அனுமதியில் ஒரு காலத்தில் 184-ஆவது இடத்தில் இருந்த இந்தியா, 2020 பட்டியலில் 27-க்கு ஏறியது. அந்த அளவீடு பார்த்தது டெல்லியிலும் மும்பையிலும் ஒரு கிடங்கு கட்டுவதற்கான அனுமதி நடைமுறையை மட்டுமே. வீடு தேடும் குடும்பம் கிடங்கில் குடியேற முடியாது. தரவுக் குளறுபடிகளால் 2021-ல் அந்தப் பட்டியலையே உலக வங்கி நிறுத்திவிட்டது.

என்ன செய்யலாம்?

இரண்டாவது பெருந்திட்டத்தின் காலம் 2026-உடன் முடிகிறது. மூன்றாவது பெருந்திட்டம் தயாராகிறது. சென்னைக்கு இப்படியொரு வாய்ப்பு அடிக்கடி வராது. ஏரி, கால்வாய், சதுப்பு, வெள்ளம் தேங்கும் பகுதி ஆகியவற்றின் எல்லைகளைச் சர்வே எண் வாரியாக அதிலேயே குறித்து, யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் பார்க்கும்படி வெளியிடலாம். அந்த எல்லைக்குள் யாருக்கும் அனுமதி இல்லை. அமைச்சர் சிபாரிசு செய்தாலும் இல்லை. எல்லைக்கு வெளியே விதிக்கு உட்பட்ட குடியிருப்புக்கு அனுமதி என்பது சலுகையாக இல்லாமல் உரிமையாக வேண்டும். பல துறைகளின் சான்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக வராமல் ஒரே நேரத்தில் பரிசீலிக்கப்பட வேண்டும். ஒருமுறைக்கு மேல் குவெரி போடக் கூடாது. போட வேண்டியதை முதல் முறையே மொத்தமாகப் போட்டுவிட வேண்டும். எந்தக் கோப்பு எந்த மேசையில் எத்தனை நாளாக இருக்கிறது என்பதை விண்ணப்பதாரருக்கு மட்டுமின்றிப் பொதுமக்களுக்கும் காட்ட வேண்டும். இதனால் அலுவலர்களுக்கு மிச்சமாகும் நேரத்தை, கட்டும்போதே களத்தில் போய்ப் பார்க்கவும், கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கை இன்னொரு பொறியாளரைக் கொண்டு சரிபார்க்கவும் செலவிடலாம். மவுலிவாக்கம் கேட்பது அதைத்தான்.

இவையெல்லாம் நடந்தால் நாளைக்கே வீட்டு விலை பாதியாகிவிடாது. நிலமும் வட்டியும் அப்படியே இருக்கும். ஏழைகளுக்கான வீட்டைச் சந்தை மட்டும் கட்டித் தராது. அரசும் கட்ட வேண்டும், அதையும் புறநகரான பெரும்பாக்கத்துக்கு அப்பால் தள்ளாமல் நகரத்துக்குள் கட்ட வேண்டும். ஆனால் மற்றச் செலவுகளைக் குறைக்க அரசுக்குப் பணம் வேண்டும். காத்திருப்பைக் குறைக்க ஒரு முடிவு போதும்.

கட்டக் கூடாத இடத்துக்கு முதல் வாரமே ‘முடியாது’ என்று சொல்லட்டும். கட்டக் கூடிய இடத்துக்கு மூன்றாவது வாரத்தில் ‘சரி’ என்று சொல்லட்டும். இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்கில் ஓடும் ‘பார்க்கலாம்’தான் இந்த நகரத்துக்குக் கட்டுப்படியாகவில்லை.

பெட்டிச் செய்தி: வாங்கும் முன் பாருங்கள்

* திட்ட அனுமதி வேறு, கட்டட அனுமதி வேறு. சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. எண், உள்ளாட்சி அமைப்பின் அனுமதி எண் இரண்டையும் கேளுங்கள்.
* ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்ற சொல்லை மட்டும் நம்பி மனை வாங்காதீர்கள்.
* 500 சதுர மீட்டருக்கும் எட்டு வீடுகளுக்கும் மேற்பட்ட திட்டம் என்றால் ரெரா பதிவு கட்டாயம். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் அனுமதி பெற்ற வரைபடத்தைப் பார்த்து, தளங்களின் எண்ணிக்கையைக் களத்தோடு ஒப்பிடுங்கள்.
* பெருந்திட்டத்தில் அந்தச் சர்வே எண் குடியிருப்புப் பகுதியா, விவசாயப் பகுதியா என்று பாருங்கள்.
* எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட குடியிருப்பில் நிறைவுச் சான்றிதழ் வந்ததா என்று உறுதிசெய்யுங்கள். அது இல்லாவிட்டால் மின் இணைப்புக்கும் குடிநீருக்கும் அலைய நேரும்.
* வில்லங்கச் சான்றைக் குறைந்தது முப்பது ஆண்டுகளுக்குப் போட்டுப் பார்த்து, வழக்கறிஞரிடம் கருத்துக் கேளுங்கள்.